பழமும் கோழியும் சேர்ந்த சாலட் ஒரு வேளைச் சாப்பாடாகுமா?

வாசகர் கேள்வி, மார்ச் 3

வேலை முடிந்து வந்த பிறகு அரை மணி நேரத்துக்குள் செய்துவிடலாம், இரவுச் சாப்பாட்டுக்கு இது மட்டுமே போதும் என்று பழமும் கோழிக்கறியும் சேர்ந்த சாலட்டைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். நான் செய்யும்போது கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்குகிறது, கறி சக்கையாகிவிடுகிறது, பழம் தனியாக இனிக்கிறது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே மறுபடியும் பசிக்கிறது. இது உண்மையிலேயே முழுச் சாப்பாடுதானா?

மார்ச் 3, இரவு

முழுச் சாப்பாடுதான். ஆனால் பழத்தை எதற்காகச் சேர்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இந்த சாலட்டில் பழத்தின் முதல் வேலை புளிப்பைத் தருவது. கோழியின் நெஞ்சுக்கறிக்குத் தனக்கென்று பெரிய சுவை கிடையாது. உப்பும் புளிப்பும் கொழுப்பும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தால்தான் அது எடுபடும். அந்தப் புளிப்பைப் பழத்திடமிருந்து வாங்கிக்கொண்டு, கூடவே வரும் இனிப்பை உபரியாக வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது: சும்மா சாப்பிடுவதற்கென்று வாங்கிய, நன்றாகக் கனிந்து சாறு வழிகிற பழத்தையே சாலட்டிலும் போடுகிறோம். அது கத்தி பட்டதுமே நசுங்கி, கலக்கும்போது கரைந்து, டிரெஸ்ஸிங்கை, அதாவது சாலட்டின் மேல் ஊற்றும் எண்ணெய்-புளிப்புக் கலவையை, நீர்க்கச் செய்துவிட்டு, இனிப்பை மட்டும் விட்டுவைக்கிறது. கனிவதற்கு ஓரிரு நாள் மிச்சமிருக்கும் மாம்பழம், பச்சை நிற ஆப்பிள், விரலால் அழுத்தினால் லேசாகக் கூடக் குழியாத பேரிக்காய், புளிப்பு தூக்கலான ஆரஞ்சு ஆகியவையே இதற்கு உகந்தவை.

அடியில் தண்ணீர் தேங்குவதற்குக் காரணம் உப்பு. ஆப்பிளில் ஏறத்தாழ 85 சதவீதமும் ஆரஞ்சில் 87 சதவீதமும் தண்ணீர்தான். வெட்டிய பழத்தின் மேல் உப்போ சர்க்கரையோ பட்டதும் உள்ளிருக்கும் நீர் வெளியே வரத் தொடங்கிவிடும். ஆகவே உப்பைக் கறிக்கும் டிரெஸ்ஸிங்குக்கும் மட்டும் போட்டு, பழத்தை உப்பில்லாமல் தனியே வைத்திருந்து, தட்டில் பரிமாறும் நேரத்தில் கலக்குங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

பசிக்கும் கறிக்கும் நாளை எழுதுகிறேன்.

மார்ச் 4

முதலில் பசி. ஒருவருக்கு வெந்த கறி 130 முதல் 150 கிராம் வரை இருக்க வேண்டும். தோல் நீக்கிய நெஞ்சுக்கறி வெந்த பிறகு 100 கிராமில் சுமார் 31 கிராம் புரதம் தருகிறது. 165 கிலோ கலோரிக்குப் பக்கமாக ஆற்றலும் தருகிறது. நான்கைந்து துண்டுகளை அலங்காரம்போல இலைகளின் மேல் வைத்தால் அது தொடுகறிதான், சாப்பாடு ஆகாது. ஆனால் புரதம் மட்டும் இருந்தாலும் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்காது. நார்ச்சத்தும் மாவுச்சத்தும் உள்ள ஒரு பொருள் கூடவே வேண்டும். என் தேர்வு, வேகவைத்த கொண்டைக்கடலை. ஒரு கைப்பிடி போட்டால் போதும், அது எந்தப் பழத்தோடும் முரண்படாது, டிரெஸ்ஸிங்கையும் நன்றாக ஏந்திக்கொள்ளும். வேகவைத்த உருளைக்கிழங்கு ஆப்பிளுடன் நன்றாகச் சேர்கிறது. ஆரஞ்சுடன் எனக்குப் பிடிக்கவில்லை. ரொட்டியை எண்ணெய் தடவி மொறுமொறுப்பாக வாட்டிப் போடுவதும் உண்டு.

எண்ணெயைக் குறைத்தால் சாலட் ஆரோக்கியமாகிவிடும் என்று நினைத்து அதை முற்றிலும் தவிர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முழு உணவாகச் செய்யும்போது ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயாவது வேண்டும். கொழுப்பு இல்லாத சாலட்டில் பழத்தின் புளிப்பு கூர்மையாக நின்றுவிடும், கறியும் வறண்டே தெரியும்.

இனி கறி. அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் முழு நெஞ்சுக்கறியை அப்படியே வாணலியில் போடக் கூடாது. ஒரு முனை தடிமனாகவும் மறுமுனை மெல்லியதாகவும் இருப்பதால், தடித்த பக்கம் வேகும் வரை காத்திருந்தால் மெல்லிய பக்கம் சக்கையாகிவிடுகிறது. உள்ளங்கையால் கறியை மேலிருந்து லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்தியைப் பலகைக்கு இணையாகப் படுக்கை வாட்டில் செலுத்தி, ஒரே அளவு தடிமனுள்ள இரண்டு தகடுகளாகப் பிளந்துகொள்ளுங்கள். ஈரத்தைத் துடைத்து, உப்பும் மிளகும் தூவி, சூடேறிய வாணலியில் சிறிது எண்ணெய் விட்டு, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் வைத்தால் போதும். போட்டவுடன் ஒட்டிக்கொள்ளும், கிளறாமல் விட்டால் பொன்னிறமானதும் தானாகவே விடுபடும். உட்புறம் 74 டிகிரி செல்சியஸை எட்டியிருக்க வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்தால் இந்தக் கணிப்பில் சந்தேகமே வராது. அந்த அளவைத் தாண்டித் தாண்டி வெந்துகொண்டே போனால் நார்கள் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். நீங்கள் சொன்ன சக்கை அங்கேதான் பிறக்கிறது.

வெந்ததும் வெட்டாதீர்கள். ஐந்து நிமிடம் ஆறட்டும். பிறகு நார் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்காக வெட்டுங்கள்.

மார்ச் 4, பின்னிரவு

மேலே எழுதிய 74 டிகிரி பாதுகாப்புக்கான குறைந்தபட்ச அளவு. நெஞ்சுக்கறியை அங்கேயே நிறுத்துவது நல்லது. தொடைக்கறி வேறு ரகம்: அதில் இணைப்புத் திசு அதிகம் என்பதால் 80 டிகிரியைக் கடந்த பிறகுதான் மெல்லுவதற்கு இதமாகிறது. தொடைக்கறி பயன்படுத்துபவர்கள் கூடுதல் நேரம் கொடுங்கள். அது எளிதில் வறண்டுவிடாது. அவசரத்தில் நேரத்தைக் கணிக்கத் தெரியாத புதியவர்களுக்கு நான் தொடைக்கறியையே சொல்வேன்.

மார்ச் 6

அன்னாசி போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். போடலாம், ஆனால் காத்திருக்க வைக்கக் கூடாது.

சூடுபடுத்தாத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை உடைக்கும் வேலையைச் செய்வது. வெந்த கோழித் துண்டுகளை அன்னாசித் துண்டுகளுடன் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் எடுத்துப் பாருங்கள். பார்வைக்குக் கறி அப்படியேதான் இருக்கும். ஒரு துண்டை விரல்களுக்கு இடையே வைத்துத் தேய்த்தால் மேற்பரப்பு நாராகப் பிரியாமல் மாவுபோலக் குழைந்து வரும். வாயில் போட்டால் மெல்வதற்கு எதுவும் இருக்காது. கிவியில் உள்ள ஆக்டினிடின், அத்திப்பழத்தில் உள்ள ஃபிசின், பப்பாளியில் உள்ள பப்பைன் ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பப்பாளியில் காயில்தான் இது மிகுதி, பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும். கிவியிலும் பச்சைச் சதையுள்ள வகையில்தான் அதிகம், மஞ்சள் சதையுள்ளதில் குறைவு.

சூடுபடுத்தினால் இந்த நொதி செயலிழக்கும். டின்னில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது என்பதால் அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கறியோடு வைத்திருக்கலாம். எனக்கு டின் அன்னாசியின் பாகு இனிப்பு பிடிப்பதில்லை. அதனால் புதிய அன்னாசியையே வட்டத் துண்டுகளாக வெட்டி, கறி வெந்த அதே வாணலியில், அடியில் ஒட்டியிருக்கும் கறியின் சாற்றோடு சேர்த்து இருபுறமும் நன்றாக வாட்டிக்கொள்கிறேன். ஓரங்கள் பழுப்பேறும்போது வரும் மணம், பச்சைத் துண்டில் ஒருபோதும் கிடைக்காதது. இது சமையல் நேரத்தில் ஐந்து நிமிடத்தைக் கூட்டும். அதற்குத் தகுதியானதுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்னாசியோ கிவியோ போடுவதாக இருந்தால் தயிர் டிரெஸ்ஸிங்கைத் தவிர்த்துவிடுங்கள். அதே நொதி தயிரின் புரதத்தையும் உடைப்பதால் சிறிது நேரத்தில் கசப்புத் தட்டும்.

மார்ச் 7

"அப்படியானால் ஆப்பிள்தான் பாதுகாப்பா?" என்று கேட்டவருக்கு: நொதி விஷயத்தில் ஆம். ஆனால் அது கறுத்துவிடும். வெட்டிய பரப்பில் காற்று படும்போது பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேலை செய்வதால் வரும் நிறம் அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, சுவையும் பெரிதாக மாறாது, பார்வைக்குத்தான் நன்றாயிருக்காது. எலுமிச்சைச் சாற்றில் புரட்டி வைக்கலாம். ஒரு கோப்பைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, துண்டுகளைப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசி எடுத்தாலும் நிறம் நிற்கும். எலுமிச்சையைவிட எனக்கு உப்புத் தண்ணீரே பிடிக்கும், ஏனென்றால் புளிப்பின் அளவை டிரெஸ்ஸிங்கில் மட்டும் தீர்மானிக்கும் சுதந்திரம் அப்போதுதான் இருக்கும். பழத்தில் உப்புப் பட்டால் நீர் விடும் என்று முதல் நாள் எழுதியது தூவிய உப்பைப் பற்றியது. இவ்வளவு நீர்த்த கரைசலில் சிறிது நேரம் கிடந்தால் ஆப்பிளின் கடிப்பு குறைவதில்லை. அலசிய பின் துணியில் ஒற்றி எடுக்க மறக்கக் கூடாது.

மார்ச் 9

டிரெஸ்ஸிங் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்றே இரண்டு நாள் நிறுத்தி வைத்திருந்தேன்.

பொதுவாகச் சொல்லப்படும் விகிதம், மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. வெறும் இலைகளுக்கு அது சரி. பழமும் கறியும் சேரும்போது நான் இரண்டுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்கிறேன். பழத்தின் சர்க்கரை புளிப்பை மட்டுப்படுத்திவிடுவதும் கறிக்குக் கூடுதல் கூர்மை தேவைப்படுவதும் இதற்குக் காரணங்கள். ஒரு தேக்கரண்டி கடுகு விழுது சேர்த்து அடித்தால் எண்ணெயும் சாறும் பிரியாமல் திரண்டு நிற்கும். திரண்ட டிரெஸ்ஸிங்தான் கறித் துண்டில் ஒட்டும், பிரிந்தது அடியில் போய்த் தேங்கும். முதல் கேள்வியில் சொன்ன தண்ணீரில் ஒரு பகுதி இப்படிப் பிரிந்துபோன டிரெஸ்ஸிங்காகவும் இருந்திருக்கலாம். தேன் வேண்டவே வேண்டாம். பழம் இருக்கும் இடத்தில் தேன் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளை நான் எப்போதும் மறுத்தே வந்திருக்கிறேன், இங்கேயும் மறுக்கிறேன்.

கலக்கும் வரிசை முக்கியம். வெட்டிய கறி வெதுவெதுப்பாக இருக்கும்போதே டிரெஸ்ஸிங்கில் பாதியை அதன் மேல் ஊற்றிப் புரட்டி வையுங்கள். அந்தச் சூட்டில் நார்களின் இடைவெளிகளில் அது இறங்கும். முழுதும் ஆறிய கறியில் மேலோடு நின்றுவிடும். கொண்டைக்கடலையையும் அப்போதே சேர்த்துவிடலாம். பிறகு பழத்தை வெட்டுங்கள். வெட்டி முடிப்பதற்குள் கறி ஆறியிருக்கும். கடைசியில் இலைகள், பழம், மீதி டிரெஸ்ஸிங் ஆகியவற்றைச் சேர்த்துக் கைகளாலேயே மெதுவாகப் புரட்டுங்கள், கரண்டியால் கிளறினால் பழம் உடையும். ஆரஞ்சு போடுவதாக இருந்தால், மேல்தோலையும் வெள்ளைத் தோலையும் கத்தியாலேயே சீவி எடுத்துவிட்டு, சுளைகளுக்கு இடையிலுள்ள சவ்வின் இருபுறமும் கத்தியை மையம் வரை இறக்கி, சவ்வு இல்லாத சுளையை மட்டும் எடுங்கள். இதைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்துச் செய்தால், கையில் மிஞ்சும் சவ்வுக் கூட்டை முஷ்டியில் வைத்துப் பிழியும்போது இரண்டு மேசைக்கரண்டி சாறாவது கிடைக்கும், டிரெஸ்ஸிங்குக்கு எலுமிச்சையே தேவைப்படாது.

வறுத்த அக்ரூட் அல்லது பாதாம் பரிமாறும்போது மேலே போகட்டும். பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் வறுத்த சூரியகாந்தி விதை போதும், மொறுமொறுப்புத்தான் தேவை.

மார்ச் 10

பழத்தையும் கறியையும் சேர்ப்பது இப்போது வந்த மோகம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1953 ஜூன் 2 அன்று இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா விருந்துக்காக, லண்டனில் சமையல் பள்ளி நடத்திய ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்பிரையும் உருவாக்கிய கோழி உணவு குளிர்ந்த நிலையில்தான் பரிமாறப்பட்டது. அதன் மயோனைஸ் சாற்றில் மசாலாத் தூளோடு ஆப்ரிகாட் கூழும் சேர்ந்திருந்தது. புளிப்பும் இனிப்பும் கலந்த அந்தக் கூழ் கொழுப்பு மிகுந்த சாற்றை வெட்டிக்கொடுக்கும் வேலையைச் செய்தது. அதற்கும் முன்பே, 1890களில் நியூயார்க்கின் வால்டார்ஃப் ஹோட்டலில் பிறந்த சாலட்டில் ஆப்பிள், செலரி, மயோனைஸ் என்று மூன்றே பொருள்கள்தான் இருந்தன. அக்ரூட் பின்னால் வந்து சேர்ந்தது. இன்று அதில் கோழிக்கறி சேர்த்து முழு உணவாக்குவது வழக்கமாகிவிட்டது. இரண்டிலும் பழம் புளிப்புக்காகத்தான் வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மார்ச் 10, மாலை

மாதுளை முத்துகள்: போடுங்கள். தர்ப்பூசணி: 91 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், கறியோடு ஒரே கிண்ணத்தில் போடாதீர்கள். வாழைப்பழம்: எந்த வகையிலும் ஒத்துப்போகவில்லை. திராட்சை: நெடுக்காக இரண்டாக வெட்டினால் டிரெஸ்ஸிங் ஒட்டும், சிறு குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் நான்காக வெட்டுங்கள், முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

மார்ச் 12

கிரேப்ஃப்ரூட் நான் மிகவும் விரும்பிப் போடும் பழம். கசப்பும் புளிப்பும் சேர்ந்த அதன் சுவை வாட்டிய கோழிக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் வீட்டுக்கு வருபவர்களுக்குச் செய்யும்போது அதைத் தவிர்த்துவிடுகிறேன். குடலில் சில மருந்துகளைச் சிதைக்கும் நொதியை அந்தப் பழம் தடுத்துவிடுவதால், ரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின் போன்றவை இந்தப் பட்டியலில் உண்டு. ஒரு முறை சாப்பிட்டாலே விளைவு ஒரு நாளைத் தாண்டியும் நீடிக்கலாம் என்பதால், மாத்திரையைக் காலையிலும் பழத்தை இரவிலும் எடுத்துக்கொள்வது தீர்வாகாது. பம்பளிமாசுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். விருந்தினரிடம் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிப்பதைவிட, ஆரஞ்சுக்கு மாறிவிடுவது எளிது.

மார்ச் 13

மீந்த கறி. விரைவாகச் செய்வதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை, நேற்றைய கோழி இருந்தால் பத்து நிமிட வேலைதான். சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். குளிர்ந்த கறியில் ஒரு பழைய வாடை வருவதைப் பலர் கெட்டுப்போனதாக நினைத்துக்கொள்கிறார்கள். வெந்த கறியின் கொழுப்பு காற்றோடு வினைபுரிவதால் வரும் மணம் அது. தொடைக்கறியில் கூடுதலாகத் தெரியும். நான்காம் தேதி தொடைக்கறியைப் பரிந்துரைத்தேன்; அன்றே சமைத்து அன்றே சாப்பிடுபவர்களுக்கு அந்தப் பரிந்துரை அப்படியே நிற்கிறது. மீந்த கறியில் செய்பவர்களுக்கு நெஞ்சுக்கறிதான் பொருத்தம். ஆரஞ்சின் மேல்தோலைத் துருவிச் சேர்ப்பதும், புதினாவைக் கையால் கிள்ளிப் போடுவதும் அந்த வாடையை வெகுவாகக் குறைக்கும்.

குளிர் நேரடியாகச் சுவையையும் மழுங்கச் செய்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த கறியையும் பழத்தையும் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் கலந்தால், அதே பழம் இன்னும் இனிக்கும், அதே உப்பு இன்னும் தெரியும். குளிர்ந்த நிலையில் ருசி பார்த்து உப்பைக் கூட்டிவிடாதீர்கள்.

மார்ச் 13, சற்றுப் பின்

பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த உணவில் பாதிப் பொருள்கள் சமைக்கப்படாமலே தட்டுக்கு வருகின்றன. கழுவினால் சால்மோனெல்லா, காம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் போய்விடுவதில்லை. தெறிக்கும் நீர்த்துளிகளோடு பக்கத்தில் இருக்கும் இலைகளின் மேலும் பழத்தின் மேலும் விழுகின்றன. கறி அடுப்பில் வெந்துவிடும், லெட்டூஸ் வேகாது. கழுவாமல் துணித்தாளால் ஒற்றி எடுங்கள். கறிக்கும் பழத்துக்கும் வெவ்வேறு பலகை, வெவ்வேறு கத்தி. ஒரே பலகைதான் இருக்கிறது என்றால் பழத்தையும் இலைகளையும் முதலில் வெட்டி எடுத்துவைத்துவிட்டுப் பிறகு கறிக்கு வாருங்கள். அப்போது ஒன்பதாம் தேதி சொன்ன வரிசை மாறும். ஆப்பிளாக இருந்தால் உப்புத் தண்ணீரில் கிடக்கட்டும், மற்ற பழங்களுக்கு அந்தக் கால் மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது.

மார்ச் 16

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார்: தண்ணீர் தேங்கவில்லை, கறி நன்றாக வந்தது, மதிய உணவுக்கு டப்பாவில் எடுத்துச் செல்ல முடியுமா என்று கேட்கிறார். மிகவும் மகிழ்ச்சி.

முடியும். அடியில் டிரெஸ்ஸிங், அதன் மேல் கறியும் கொண்டைக்கடலையும், அதற்கு மேல் திராட்சை அல்லது ஆப்பிள், எல்லாவற்றுக்கும் மேலே நன்றாக ஈரம் உலர்த்திய இலைகள் என்று அடுக்குங்கள். டப்பாவைச் சாய்க்காமல் கொண்டுபோனால் இலைகள் மதியம் வரை விறைப்பாக இருக்கும். பருப்பு வகைகளைத் தனிப் பொட்டலமாக வைத்துக்கொள்ளுங்கள். சுளை பிரித்த ஆரஞ்சு டப்பாவுக்கு ஏற்றதல்ல. முழுப் பழமாக எடுத்துப் போய் அங்கே உரித்துச் சேர்க்கலாம். அலுவலகத்தில் குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் உறைய வைத்த ஐஸ் பொதி ஒன்றை டப்பாவோடு பையில் வைக்க வேண்டும், கறி இருப்பதால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.